வீட்டுக்கு எடுத்துச் செல்லவும்

குப்பைத்தொட்டியை எடுத்துவிட்டால் குப்பையும் போய்விடும் என்று சொன்ன மனிதரை என் ஆயுசில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் நகராட்சிக்குக் கமிஷனராக வந்தவர். நான் அவருக்குக் கீழே மூன்றாவது மேஜைக் குமாஸ்தா. வயது இருபத்து நான்கு. வித்வான் பரீட்சைக்குப் பாதி படித்துவிட்டு விட்டவன் என்பதால் ஆபீசில் தமிழில் எது எழுதுவதானாலும் என் தலையில்தான் விழும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ராஜா காலத்துப் பூங்கா ஒன்று எங்கள் பொறுப்புக்கு வந்திருந்தது. வாகையும் புங்கையும் வேம்பும் நிழல் கட்டி நிற்கிற பெரிய இடம். கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் புதுக்கோட்டைக்கு வருகிற கிராமத்து ஜனம் மத்தியானம் அங்கேதான் கட்டுச்சோற்றைப் பிரிக்கும். சாயங்காலம் டவுன்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து கடலை கொறிப்பார்கள். அங்கே ஐந்து சிமெண்டுத் தொட்டிகள் வைத்திருந்தோம். புதிதாக வைத்தபோது ஒருவர் வண்டி மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து தண்ணீர் காட்டப் பார்த்தார். பிறகு அது என்ன தொட்டி என்பது ஊருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் சுற்றுத் தெருக்காரர்கள் வீட்டுக் குப்பையையும் அதிலேயே கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். ஆடு காலைத் தூக்கி உள்ளே வைக்கும். காக்கை எச்சில் இலையை இழுத்து நடைபாதையில் போடும். சித்திரை வெயிலில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

கமிஷனர் மலைமேல் ஏதோ ஓர் ஊரில் வெள்ளைக்காரர் தோட்டம் ஒன்றைப் பார்த்தாராம். அங்கே பேருக்குக்கூட ஒரு தொட்டி கிடையாதாம். வந்தவர்கள் தின்ற மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்களாம். "தொட்டி இருக்கிறதாலதான்யா போடுறான். எடுத்துட்டா வீட்டுக்குக் கொண்டு போயிருவான்" என்றார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். நம்மூரில் எச்சில் இலையை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோகிறவன் உண்டா? கொண்டுபோனால் வீட்டுக்காரி அவனையும் சேர்த்தல்லவா வெளியே தள்ளுவாள். ஆனால் மூன்றாவது மேஜைக்கு வாய் கிடையாது. தொட்டிகள் ஐந்தும் வண்டியேறின. அவற்றிலிருந்து குப்பை அள்ளிய ஆட்களை மார்க்கெட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

போர்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. கமிஷனர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். 'பூங்காவுக்கு வருவோர், தாங்கள் கொண்டுவரும் பொருள்களால் உண்டாகும் குப்பையைத் தாங்களே தங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.' பெயிண்டர் பலகையையும் பார்த்தார், என் தாளையும் பார்த்தார். "இம்புட்டையும் எழுதுனா எழுத்து எறும்பு மாதிரி வருமுங்க சார். பரவாயில்லீங்களா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தமிழைச் சுருக்கத் தெரியாதவனா நான்? சிவப்புப் பென்சிலை எடுத்து அடித்தேன். 'பூங்காக் குப்பையை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும்.' ஐந்தே சொல். ஓர் ஒற்றுப்பிழை கிடையாது. பலகை மாட்டியதும் எதிரே நின்று இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் ஆபீசுக்குத் திரும்பினேன்.

இரண்டு வாரம் நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. போர்டைப் படித்துவிட்டு அதன் காலடியிலேயே இலையைப் போட்டுவிட்டுப் போனார்கள். கடலைத்தோலும் மாங்கொட்டையும் பழத்தோலும் பாதை நெடுக மிதிபட்டன. கமிஷனர் முகம் சுண்டியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

அப்புறம் ஒரு நாள் காலை பூங்கா சுத்தமாக இருந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து சொன்னதை நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன். இலை இல்லை, தோல் இல்லை, கிழிந்த காகிதம் இல்லை. மரத்தடிச் சருகுகூட இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. கமிஷனர் என்னைக் கூப்பிட்டு, "பாத்தீரா? ஜனங்களை நம்பணும்யா" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த ஊர் ஜனத்தை இவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவனாவது இலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் பார்க்கவில்லை. நான்காம் நாள் பொழுது விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு பெண்மணி மட்டும் அங்கே இருந்தார். நாற்பது வயது இருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வடக்குச் சுவரிலிருந்து குந்தினாற்போலவே நகர்ந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு கையாலும் சருகை வாரிக் கூடையில் போட்டார். செடிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். எச்சில் இலைகளை எடுத்து, ஒட்டியிருந்த பருக்கையைக் காக்கைக்கு உதறிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். வெற்றிலைக்கட்டை அடுக்குகிறவர்கூட அவ்வளவு பதமாக அடுக்க மாட்டார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குள் இருந்த ஆபீஸ் விழித்துக்கொண்டது.

"ஏம்மா, யாரு ஒன்னைய இங்க வந்து அள்ளச் சொன்னது?"

அவர் பதறி எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை நீட்டினார். "அந்தப் போர்டுதாங்க தம்பி. எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க ஊரு வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. பூங்காக் குப்பைய வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சர்க்காருல எழுதிப் போட்டிருக்காகன்னாரு."

நான் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. 'தங்கள்' என்ற சொல்லை நான் அடித்துத் தள்ளியிருந்தேன். டவுனில் பிறந்த எனக்குக் குப்பை என்றால் வேண்டாதது. அவர் ஊரில் குப்பை என்றால் எரு. அங்கே வயலுக்கு வண்டி வண்டியாகக் குப்பை அடிப்பார்கள். பெண் கொடுக்க வருகிறவன் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் குப்பைக்குழியை எட்டிப் பார்ப்பான். அந்த ஜனத்திடம் போய், குப்பையை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் என்று சர்க்கார் பலகையில் எழுதி வைத்தால் என்ன அர்த்தம்? வாரி வழங்குகிறார்கள் என்றுதானே அர்த்தம்.

"சுயராச்சியம் வந்து, எங்களுக்குன்னு வந்து சேந்தது இதுதாங்க" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னார்.

அவருடைய ஊர் அன்னவாசல் ரோட்டில் மூன்று மைல். புருஷன் மலேயாவுக்குப் போய் நாலு வருஷமாகக் கடுதாசி இல்லை. புருஷன் பாகத்துக்கு ஒரு துண்டு பொட்டல் நிலம் இருந்தது. தோண்டினால் முழங்கை ஆழத்தில் செம்புறாங்கல் தட்டும். மூன்று வருஷத்துக்கு முந்தைய பஞ்சத்தில் மாடு இரண்டையும் விற்றாகிவிட்டது. மாடு போனால் சாணி போயிற்று, சாணி போனால் எரு போயிற்று. இரண்டு வருஷம் விதைத்து இரண்டு வருஷமும் கம்பு கணுக்கால் உயரத்தில் கருகிவிட்டது. புருஷனுடைய அண்ணன் தம்பிகள் ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். வருகிற ஆடிப் பட்டத்தில் வெள்ளாமை எடுக்காவிட்டால் நிலத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

"நெலம் போச்சுன்னா அந்த ஊருல நான் யாருங்க தம்பி?" என்று கேட்டார். "மாமியா வீடும் இல்ல, பெத்த வீடும் இல்ல. அதான் ஆடிக்குள்ள குப்பையப் போட்டு மண்ண மூடீரணும்னு பாக்குறேன்."

கூடையைத் தலைக்கு ஏற்றிவிட நான் கை கொடுத்தேன். சருகுதானே என்று அலட்சியமாகத் தூக்கினேன். அழுத்தி மிதித்து, நனைந்த இலையும் சேர்ந்து, கழுத்தை ஒடிக்கிற கனம். அவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, இன்னொரு சாக்கை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். என்ன நினைத்துப் போனேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லித் தடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பியிருப்பேன்.

ரோட்டோரமாகவே அந்த நிலம் வந்தது. "இதாங்க நம்ம வயலு" என்று கண்ணால் காட்டினார். ஒரு மூலையில் கறுப்பாகக் குப்பை பரப்பியிருந்தது. மற்றதெல்லாம் செக்கச்செவேல் என்று கிடந்தது. கூடையை இறக்குவார் என்று நான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். அவர் நிற்கவே இல்லை. நிலத்தைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையில் இன்னும் அரை மைல் நடந்து, தன் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய்க் கூடையை இறக்கினார். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். பிறகு அதே கூடையைத் திரும்பத் தலையில் ஏற்றினார்.

"இப்ப எங்கிட்டுப் போறீங்க?" என்றேன். என்னை அறியாமலே 'ங்க' வந்துவிட்டது.

"வயலுக்குத்தான்."

"வர்ற வழியிலதான அக்கா வயலு. அங்கயே இறக்கியிருக்கலாம்ல?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். படித்தவன் கேட்கிற கேள்வியா இது என்கிற பார்வை. "போர்டுல வீட்டுக்குன்னுதான தம்பி போட்டிருக்கு. சர்க்காரு வீட்டுக்குன்னு குடுத்தத நான் வயலுக்குன்னு கொண்டுபோனா அது திருட்டாகாதா? வீட்டுக்குக் கொண்டாந்துட்டா எம் பொருளு. அப்பறம் எங்க வேணாலும் போட்டுக்கலாம்."

ஒரு நாளைக்கு இரண்டு நடை வருகிறார் என்று முன்பே சொல்லியிருந்தார். நடைக்கு அரை மைல் போக, அரை மைல் வர. நான் எழுதிய ஒரு சொல்லுக்காக அத்தனை சுமையோடு தினமும் இரண்டு மைல் கூடுதலாக நடந்துகொண்டிருந்தார். நான் அதுவரை எழுதிய எதையும் யாரும் இவ்வளவு மதித்ததில்லை. ஏன், நானே மதித்ததில்லை.

முற்றத்து மூலையில் வேறு சில குவியல்கள் இருந்தன. சோடா பாட்டில் உடைசல் தனியாக, சிகரெட் தகரம் தனியாக, கொண்டை ஊசி, சட்டைப் பொத்தான், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. "மண்ணுக்கு ஆகாததையும் எடுக்கத்தான சொல்லியிருக்காக" என்றார். "செருப்ப மட்டும் வச்சிருக்கேன். யாராச்சும் தேடி வந்தாலும் வருவாக." ஊரில் அவருக்கு எச்சில் இலை பொறுக்கி என்று பேர் வைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. "மண்ணு எச்சி பாக்குமா தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கூடையோடு நடந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபீசிலும் நான் மூச்சு விடவில்லை.

ஆனி மாதம் பாதியில் விஷயம் வெளியே வந்தது. நகராட்சிச் சொத்தை யாரோ அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கவுன்சிலர் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். காலால் எத்திவிட்டுப் போகும்வரை அது குப்பை. ஒருத்தி குனிந்து எடுத்ததும் சொத்தாகிவிட்டது. கமிஷனர் வாட்ச்மேனை விட்டு அந்தப் பெண்மணியை ஆபீசுக்கு அழைத்துவரச் செய்தார். என்னையும் ஃபைலோடு கூப்பிட்டார். அந்த அம்மாளுக்குப் பாதி நிலம் இன்னும் மூடவில்லை. ஆடிக்கு இருபது நாள்கூட இல்லை.

அவர் கதவோரம் நின்றார். கமிஷனர் கடுமையாகப் பேசவில்லை. "யாரைக் கேட்டும்மா எடுத்தே?" என்று மட்டும் கேட்டார். அவர் போர்டைச் சொன்னார். கமிஷனர் என் பக்கம் திரும்பினார். பெயிண்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. பொய்யாக எழுதமாட்டேன், வந்தது.

அதற்குள் அந்தப் பெண்மணி பேசினார். "தப்புன்னா சொல்லிருங்க ஐயா. எடுத்த அம்புட்டையும் திருப்பிக் கொண்டாந்து போட்டுர்றேன். கொஞ்சம் மக்கிப்போச்சு. மண்ணோட சேத்து வாரித்தான் கொண்டாரணும். பத்து நா தவண குடுங்க."

மக்கிய குப்பையைத் தன் வயலிலிருந்து சுரண்டி எடுத்து, மூன்று மைல் சுமந்து வந்து, எங்கள் பூங்காவில் மறுபடி பரப்பிவிடுகிறேன் என்கிறார். அவர் செய்திருப்பார். கொஞ்சமும் சந்தேகமில்லை. சர்க்கார், சட்டம், சொத்து என்று தினமும் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொற்களை அப்படியே நம்புகிற ஒரு மனுஷியைப் பார்த்து உடம்பு சிலிர்த்துவிட்டது. "தப்பு என்னுதுங்க சார்" என்றேன். சிவப்புப் பென்சில் அடித்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வீட்டுக்கும் வயலுக்கும் நடக்கிற கதையையும் சொன்னேன்.

கமிஷனர் தாளைப் படித்தார். நெடுநேரம் படித்தார். "பூங்கா சுத்தமா இருக்கா?" என்றார். "இருக்குங்க சார்." "அப்பறம் என்ன? கவுன்சிலருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." பிறகு அவரிடம், "இனிமே நேரா வயலுக்கே கொண்டு போம்மா" என்றார்.

அவர் போகவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீங்க சொல்லீட்டீங்க ஐயா. நாளைக்கு வேற ஐயா வந்து கேட்டா நான் என்னத்தக் காட்டுறது? எழுத்துல இருக்கணுங்களே."

கமிஷனர் என்னைப் பார்த்தார். அன்று மத்தியானம் பெயிண்டரைக்கூடக் கூப்பிடாமல் நானே டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போனேன். 'வீட்டுக்கு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, மேலே கோணல்மாணலாக 'வயலுக்கும்' என்று எழுதினேன். முன்பு எதிரே நின்று படித்துப் பார்த்த போர்டு அது. இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று, எழுத்து காயும்வரை ஈ மொய்க்காமல் முந்தானையால் விசிறினார்.

ஆடியில் விதைத்தார். அந்த வருஷம் மழையும் ஏமாற்றவில்லை. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புருஷனுடைய அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் போனேன். ரோட்டில் இறங்கியதும் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். கம்பு என் தலைக்குமேல் நின்றது. கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இரண்டு பக்கமும் அடுத்தவர் நிலம் அதே சிவப்பாகக் கிடந்தது. நடுவில் இது மட்டும் பச்சை. அண்ணன் தம்பி மூன்று பேரும் வரப்பில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். மூத்தவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிடித்திருந்த கையைத் திறந்து பார்த்துவிட்டு, "கம்பு நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தம்பிமாரோடு போய்விட்டார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகும் பேசவில்லை என்று கேள்வி.

அவர்கள் போனபின் நானும் மண்ணை அள்ளிப் பார்த்தேன். கறுப்பாக, ஈரமாக, விரலிடுக்கில் உதிர்ந்தது. நாங்கள் தின்று எறிந்த இலை, துப்பிய தோல், மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன அத்தனையும் இதுதான் என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு துர்நாற்றம் இல்லை. மழை பெய்த வாசம்தான் வந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படிக் கும்பிடத் தோன்றியதில்லை.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனாலும் ஏதோ கேட்க வந்தவர் போலத் தெரிந்தது.

"தம்பி, தொட்டியத் திருப்பி வைக்கப் போறாகளாமே. நெசமாங்க?"

நிஜம்தான். கமிஷனருக்கு மாற்றல் வந்துவிட்டது. உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இலையை எங்கே போடுவது என்று ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது. அதை முந்தாநாள் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமாக்கா. திங்கக்கிழமை வருது" என்றேன்.

அவர் கம்பைப் பார்த்தார். அடுத்த ஆடி அவர் மனசில் ஓடியிருக்கும்.

"தொட்டி இருந்துட்டுப் போவுது. தொட்டியிலேருந்து எடுத்துக்கிறேன். போர்டு இருக்குமில்ல?"

"இருக்கும்" என்றேன்.

திங்கட்கிழமை தொட்டிகள் வந்தன. போர்டை எடுக்கச் சொல்லி ஓர் உத்தரவு எழுத வேண்டியிருந்தது. அதை எழுத வேண்டியவன் நான். எழுதவில்லை. அடுத்து வந்த கமிஷனர் கேட்டபோது ஃபைலைத் தேடுகிறேன் என்றேன். அதற்கடுத்தவருக்கும் அதையே சொன்னேன். பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பூங்காவில் ஐந்து குப்பைத்தொட்டியும் இருந்தது, அவற்றுக்கு நடுவே குப்பையை வீட்டுக்கும் வயலுக்கும் எடுத்துச் செல்லச் சொல்லி ஒரு கோணல் போர்டும் இருந்தது. நகராட்சியில் எவனோ தமிழ் தெரியாத மடையன் எழுதியிருக்கிறான் என்று ஊரே அதைக் காட்டிச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டேன்.